அகலமா, கெட்டியா ஒண்ணு

"ஒண்ணே ஒண்ணா?" என்று கேட்டார் காத்து. கையிலிருந்த ரப்பர் சுத்தியல் அந்தரத்தில் நின்றது. "வண்டிக்கு நாலு சக்கரம் இருக்குண்ணே. எண்ணிப் பார்த்துட்டுத்தானே வந்தீங்க?"

"மேடம் ஒண்ணுன்னுதான் சொன்னாங்க" என்றார் பிக்கப்காரர்.

"ஒரு கால்ல செருப்பு, இன்னொரு கால்ல பூட்ஸு போட்டுக்கிட்டு மலை ஏறுவீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப நாலு. ஆபீஸ்ல இருக்கறவங்க டயருன்னா நாலையும் சேர்த்துத்தான் ஒண்ணுன்னு சொல்வாங்க. பேண்டுக்கு ரெண்டு கால் இருந்தாலும் ஒரு பேண்டுன்னுதானே சொல்றோம்?"

அந்த நியாயம் பிக்கப்காரருக்குப் பிடித்திருந்தது. பயத்தில் இருப்பவனுக்கு எந்த நியாயமும் பிடிக்கும்.

காத்து டயர் கடை முதலாளி. சாலையோரத்தில் ஒரே ஒரு காற்றடிக்கும் மெஷினோடு தொழில் தொடங்கியவர். இன்று கடைக்கு மூன்று ஷட்டர். ஆனாலும் பெயர் காத்துதான். பிக்கப்காரருக்கு இருந்தது பன்னிரண்டு வயது வெள்ளை பிக்கப் ஒன்று. ஆறு வருடங்களாகத் திங்கட்கிழமைதோறும் மலை உச்சியில் இருக்கும் வானிலை நிலையத்துக்குத் தண்ணீர் கேன், காஸ் சிலிண்டர், அரிசி, பருப்பு எல்லாம் ஏற்றிக்கொண்டு போவது அவர்தான். மற்ற நாட்களில் யாராவது வீடு மாற்றினால் கட்டில் பீரோ வரும், இல்லாவிட்டால் வராது. ஆக, அந்தத் திங்கட்கிழமைதான் குடும்பத்தின் முதுகெலும்பு.

போன மாதம் நிலையத்துக்குப் புது அதிகாரி வந்தார். கறாரான அம்மா. முந்தின நாள் அவரே போன் செய்தார்.

மலையிலிருந்து வரும் போன் எப்போதுமே தகராறு. காற்று பலமாக அடிக்கும் இடம் என்பதால்தான் அங்கே காற்றை அளக்கும் நிலையத்தையே வைத்திருக்கிறார்கள். அந்தக் காற்று போனில் பேசும் ஒவ்வொரு சொல்லின் வாலையும் கடித்துத் தின்றுவிடும். மிச்சத்தை நாம்தான் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

பிக்கப்காரர் ஒட்டிக்கொண்டது இது: "உங்க டயர... போன வாரமே பார்த்தேன்... ரொம்பச் சின்னது... ஓரமெல்லாம் தேஞ்சு கிழிஞ்சு... வழவழன்னு இருக்கு, வழுக்கிக்கிட்டுப் போகுது... எனக்குச் சரிப்பட்டு வராது. பெரிசா, அகலமா, கெட்டியா ஒண்ணு வாங்கிக்கங்க. கோடு நல்லாத் தெரியணும். அடுத்த திங்கக்கிழமை அது இல்லாம மேல வராதீங்க."

பிக்கப்காரர் ஏழு தடவை "சரிங்க மேடம்" என்றார். போனை வைத்த பிறகு எட்டாவது தடவையும் சொன்னார்.

உடனே வெளியே போய்த் தன் டயர்களைக் குனிந்து பார்த்தார். சின்னதுதான். ஓரம் தேய்ந்துதான் இருந்தது. பள்ளமாக ஓட வேண்டிய கோடுகள் நடுவில் வழவழவென்றிருந்தன. போன வாரம் மூன்றாவது வளைவில் வண்டி ஒரு முழம் வழுக்கியதும் உண்மை. 'மேலே மாடியில் நின்றுகொண்டு அந்த அம்மா இவ்வளவையும் கவனித்திருக்கிறாரே! மழையை அளக்கிற கண் அல்லவா' என்று நினைத்துக்கொண்டார்.

"அப்படீன்னா மலைக்கு ஏத்த டயரு" என்று காத்து சுவரில் சாய்த்திருந்த ஒரு ராட்சசனைத் தட்டினார். கட்டை கட்டையாக ரப்பர், நடுவே விரல் நுழையும் பள்ளம். "இதான் நீங்க சொன்ன கோடு. சேறு இந்தப் பள்ளத்துல பூந்து, சக்கரம் சுத்தறப்ப வெளிய எகிறிடும். கல்லுல இந்தக் கட்டை கவ்விப் பிடிக்கும். தார் ரோட்டுல மட்டும் கொஞ்சம் ஊளையிடும்."

"பெரிசா இருக்குமா?"

"எழுதிக்கங்க."

பிக்கப்காரர் சட்டைப் பையிலிருந்து தன் பொடி நோட்டை எடுத்தார். ஏதோ ஒரு பெயிண்ட் கம்பெனி இலவசமாகக் கொடுத்தது. தேதி அச்சடித்தது, உள்ளங்கைக்குள் அடங்குவது. மலையில் சாமான் இறக்கியதும் வாட்ச்மேன் இதைத்தான் உள்ளே கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கி வருவார். எழுத இடம் தேடியபோது, போன வாரக் கையெழுத்து மூன்று தேதிகளின் மேல் காலை நீட்டிப் படுத்திருந்தது. அதன் முழங்கால் இடுக்கில் அளவை எழுதிக்கொண்டார்.

டயர் அளவு பார்க்க ஏதோ ரகசியக் குறியீடு மாதிரி இருந்தாலும் விஷயம் எளிதுதான். முதலில் வரும் எண், டயரின் அகலம், மில்லிமீட்டரில். சாய்கோட்டுக்குப் பிறகு வருவது, அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு டயரின் சுவர் உயரம் என்பது. கடைசி எண், நடுவில் உள்ள இரும்புச் சக்கரத்தின் குறுக்களவு, அங்குலத்தில். ஒரே வரியில் மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம் என்று மூன்று கணக்கை ஒரே குடும்பமாக வாழவைத்தவர் யாரோ தெரியாது. ஆனால் உலகம் முழுக்க அப்படித்தான் எழுதுகிறார்கள். பிக்கப்காரரின் பழைய டயர் 245/70, 16 அங்குலம். காத்து காட்டியது 285/75, அதே 16.

"நாப்பது மில்லிமீட்டர்தானே அகலம் கூடுது?" என்றார் பிக்கப்காரர்.

"அகலம் கூடினா அந்தச் சதவீதமும் அதோட சேர்ந்து வளரும்ணே. சுவரு உயரும். மேல ஒரு சுவரு, கீழ ஒரு சுவரு. மொத்தத்துல எட்டரை சென்டிமீட்டர் உயரமான டயரு."

அப்போது எதிர்ப்புறம் ஒரு பச்சை ஜீப் வந்து நின்றது. நான்கு சக்கரமும் இழுக்கிற ஜீப். ஆறு வருடமாக அந்தத் திங்கட்கிழமையின் மேல் கண் வைத்திருப்பவர் அதன் சொந்தக்காரர்.

"என்ன சார், டயரு மாத்தறீங்களா?" என்று ஜீப்காரர் சிரித்தார். "மேடம் ஏதோ கோவமா இருக்காங்கன்னு கேள்விப்பட்டேன். திங்கக்கிழமை நானும் மேல வந்து ஒரு வணக்கம் வெச்சிட்டுப் போலாம்னு இருக்கேன்."

பிக்கப்காரர் காத்துவின் பக்கம் திரும்பினார். "நாலையும் மாட்டுங்க."

வீட்டில் மனைவி தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அந்தத் தெருவில் பாதிப் பேரின் இடுப்பளவு அவளுக்கு மனப்பாடம்.

"அவங்க டயருன்னுதான் சொன்னாங்களா?"

"காதால கேட்டேன்."

"ஆறு வருஷமா ஏறின மலைதானே? திருப்பி ஒரு தடவை போன் பண்ணிக் கேட்டா என்ன?"

"கேட்டு? 'மேடம், எனக்குச் சரியா காது கேக்கல'ன்னு சொல்லவா? அப்புறம் காதையும் பெரிசா மாத்திட்டு வரச் சொல்லுவாங்க."

"ஒரு மெசேஜாவது போடுங்க."

அது புத்திசாலித்தனமாகப் பட்டது. போனில் எழுத்தின் வாலைக் காற்று தின்னாது. 'மேடம், நீங்க சொன்னபடி இந்த வாரமே மாத்திடறேன்' என்று அனுப்பினார். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது: 'நன்றி. வந்த நாளிலிருந்தே சொல்லணும்னு இருந்தேன். சங்கடமா இருந்தது.'

"பார்த்தியா?" என்று போனை மனைவியிடம் நீட்டினார் பிக்கப்காரர்.

அவள் படித்தாள். "சரி. ஆனா அளவெடுக்காம யாரும் துணி வெட்ட மாட்டாங்க. எதெதுக்கு இடம் வேணும்னு பாத்தீங்களா?"

"டயருக்கு என்ன இடம்? வெளிய தெருவே இருக்கு."

மறுநாள் காத்து முதல் டயரை மாட்டப் போனவர் நிறுத்திவிட்டுத் தலையைச் சொறிந்தார். டயர் கடைக்காரர் தலையைச் சொறிவது டாக்டர் தொண்டையைக் கனைப்பது மாதிரி.

"என்ன?"

"ரிம்மு பத்தாதுண்ணே. உங்க ரிம்மு ஏழு அங்குல அகலம். இந்த டயருக்குக் குறைஞ்சது ஏழரை வேணும். ஒத்தைக் கட்டில்ல டபுள் மெத்தை போட்ட மாதிரி ரெண்டு பக்கமும் பிதுங்கி நிக்கும்."

"அப்ப?"

"கட்டில மாத்தணும்."

எட்டரை அங்குலத்தில் கறுப்பு நிற ரிம்கள் வந்தன. அவற்றில் ஒரு விசேஷம்: வண்டியின் உடம்பை விட்டு வெளியே தள்ளி நிற்பவை. சக்கரம் அகலமாகும்போது உட்பக்கம் ஸ்ப்ரிங்கில் இடிக்கக் கூடாது என்பதற்காக ரிம்மை வெளியே தள்ளி வார்த்திருப்பார்கள். மாட்டி முடித்ததும் வண்டி, தோளை அகட்டிக்கொண்டு நிற்கும் பயில்வான் மாதிரி நின்றது. பிக்கப்காரருக்கே கொஞ்சம் மரியாதை வந்தது. கதவைத் திறக்குமுன் தட்டிவிட்டுத் திறந்தார்.

நேராகப் போகும்வரை எல்லாம் நன்றாக இருந்தது. தெருமுனையில் ஸ்டீயரிங்கை ஒடித்தார்.

கர்ர்ர்ர்!

ஏதோ பிராணியை ஏற்றிவிட்டோம் என்று பதறிக் கீழே குதித்துப் பார்த்தார். பிராணி எதுவும் இல்லை. முன்சக்கரத்துக்கு மேலே உள்ள மட்கார்டின் உள் பிளாஸ்டிக்கை டயர் கடித்துத் துப்பியிருந்தது.

"அது அப்படித்தான்" என்றார் காத்து, ஆச்சரியமே இல்லாமல். "கதவைத் திறக்கறப்ப கீலுகிட்ட இருக்கற இடம் கொஞ்சமாத்தான் நகரும். கைப்பிடி இருக்கற ஓரம் பெரிய வட்டம் போட்டு வரும். சக்கரத்தை வெளிய தள்ளி வெச்சோமா, திருப்பறப்ப அதுவும் பெரிய வட்டம் போடுது. போற வழியில மட்கார்டு இருக்கு."

"இதை ரிம்மு மாட்டறதுக்கு முன்னாடி சொல்லக் கூடாதா?"

"முன்னாடி நீங்க கேட்டது ரிம்மு பத்தி. மட்கார்டு பத்திக் கேக்கலியே?"

"இப்ப என்ன பண்றது?"

காத்துவின் கண்கள் பளபளத்தன. "வண்டியத் தூக்கிடலாம்."

"எங்க?"

"மேலண்ணே! ரெண்டே ரெண்டு அங்குலம்."

முன்பக்க ஸ்ப்ரிங்கின் தலையில் ஓர் இரும்பு வளையம். பின்பக்கம், அச்சுக்கும் அடுக்குப் பட்டை ஸ்ப்ரிங்குக்கும் நடுவே ஓர் இரும்புக் கட்டை. அவ்வளவுதான். வண்டியின் உடம்பு ஐந்து சென்டிமீட்டர் மேலே எழும்ப, மட்கார்டும் டயரின் வாயிலிருந்து தப்பித்து மேலே போய்விடும். செய்து முடித்துச் சக்கரங்களை நேர்ப்படுத்த ஞாயிற்றுக்கிழமை மதியமாகிவிட்டது. பிக்கப்காரர் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக மொத்தக்கடைக்குப் போய் மலைச் சாமான்களை ஏற்றிக்கொண்டார். இருபத்தைந்து தண்ணீர் கேன், மூன்று சிலிண்டர், மூட்டைகள். வண்டி முனகிக்கொண்டு கொஞ்சம் கீழே அமர்ந்தது. ஸ்டீயரிங்கை ஒடித்தார். சத்தமில்லை. அந்த வாரத்திலேயே முதல் தடவையாக அவர் சிரித்தார்.

சிரிப்பு பள்ளிக்கூட வளைவு வரைதான் நீடித்தது. அங்கே கையில் வேகம் பார்க்கும் கருவியோடு நின்ற போலீஸ்காரம்மா கையைக் காட்டினார்.

"ஐம்பதுக்கு மேல போகக் கூடாதுன்னு போர்டு இருக்கு. பார்த்தீங்களா?"

"பார்த்தேங்க. ஐம்பதுலதான் வந்தேன்."

"ஐம்பத்தஞ்சு காட்டுது."

"என் மீட்டரு ஐம்பதுதாங்க காட்டிச்சு!"

சொன்ன மறுகணம் பிக்கப்காரருக்கு விளங்கிவிட்டது. வண்டிக்குத் தான் எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்பது உண்மையில் தெரியாது. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதுதான் அதற்குத் தெரியும். ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம் என்று கம்பெனியில் சொல்லி அனுப்பிய கணக்கை வைத்துக்கொண்டு அது பெருக்கிச் சொல்கிறது. பழைய டயர் ஒரு சுற்றில் இரண்டே கால் மீட்டருக்குக் கொஞ்சம் கூடப் போகும். புதியது இரண்டரைக்கும் மேலே. பாவம், அந்த மீட்டருக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. அது இன்னும் பழைய காலிலேயே நடந்துகொண்டிருந்தது.

இதையெல்லாம் பொடி நோட்டில் வட்டம் வரைந்து போலீஸ்காரம்மாவுக்கு விளக்கினார். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஆக, தப்பு மீட்டரோடது?"

"ஆமாங்க!"

"சரி. லைசென்ஸ் மீட்டர் பேர்ல இருக்கா, உங்க பேர்ல இருக்கா?"

அபராதச் சீட்டு பிக்கப்காரரின் பெயரில்தான் வந்தது.

வீட்டுக்கு வந்தவர் வழக்கம்போல வாசல் போர்ட்டிகோவுக்குள் வண்டியை மெதுவாக விட்டார். கேபினுக்குப் பின்னால் இருக்கும் இரும்புச் சட்டம் போர்ட்டிகோ உத்தரத்துக்குக் கீழே வழுக்கிக்கொண்டு நுழைந்தது. 'அப்பாடா' என்று இறங்கப் போனவர் தரை இருக்கும் இடத்தில் காலை வைத்தார். தரை அங்கே இல்லை. கொஞ்சம் தள்ளிக் கீழே இருந்தது. முட்டியைத் தேய்த்துக்கொண்டே எழுந்து, மனைவியின் தையல் ஸ்டூலை வாங்கிப் போட்டுக்கொண்டு கேன்களை இறக்கினார். கனமானதை முன்னால் வைத்து அடுக்கினால்தான் மலையில் வண்டி முன்காலைத் தூக்காது. அதனால் முதல் நாளே எல்லாவற்றையும் இறக்கி, காலையில் வரிசைப்படி ஏற்றுவது அவர் வழக்கம்.

இருபதாவது கேனை இறக்கும்போது தலைக்கு மேலே 'நறநற' என்றது. இருபத்திரண்டாவது கேனுக்கு ஒரு சில்லு சுண்ணாம்பு அவர் உச்சந்தலையில் விழுந்தது. கடைசி மூட்டையை இறக்கியதும் 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு நிசப்தம்.

மனைவி டேப்போடு வந்தாள். உத்தரத்தைப் பார்த்தாள். இரும்புச் சட்டத்தைப் பார்த்தாள். இரண்டுக்கும் நடுவே டேப்பை நுழைக்கப் பார்த்தாள், டேப் நுழையவில்லை.

"முன்னாடி இங்க எட்டு சென்டிமீட்டர் இடைவெளி இருந்துச்சு" என்றாள். "டயரு எவ்ளோ உயரம் கூடியிருக்கு?"

"எட்டரை. ஆனா அதுல பாதிதான் வண்டியத் தூக்கும். நாலே கால்."

"வண்டிய எவ்ளோ தூக்கினீங்க?"

"அஞ்சு."

"மொத்தம் ஒம்பதே கால். எட்டு சென்டிமீட்டர் சந்துல ஒம்பதே கால் நுழையுமா?"

"நுழைஞ்சுதே!"

"பாரத்தோட நுழைஞ்சிருக்கு. ஸ்ப்ரிங்கு அமுங்கியிருக்கு. இப்ப பாரத்த எறக்கிட்டீங்க, அது மூச்ச இழுத்து நிமிர்ந்துடுச்சு. வீட்டையே தூக்கிப் புடிச்சிக்கிட்டு நிக்குது."

பிக்கப்காரர் தலையிலிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டார்.

"நான் அளவெடுங்கன்னு சொன்னேன்."

"சொன்னே."

"தெருவே இருக்குன்னீங்க."

"சொன்னேன்."

"தெருவுலதான் இனிமே அது தூங்கணும். எல்லாத்தையும் திருப்பி ஏத்துங்க."

இருபத்தைந்து கேன்களும் திரும்ப ஏறின. முன்பெல்லாம் வயிற்று உயரத்தில் இருந்த வண்டித் தட்டு இப்போது நெஞ்சுக்கு ஏறியிருந்தது. ஒவ்வொரு கேனுக்கும் ஸ்டூலில் ஏற வேண்டும், வைக்க வேண்டும், இறங்க வேண்டும். கடைசி மூட்டையும் ஏறியபோது சட்டம் உத்தரத்தை விட்டுப் பிரிந்தது. கூடவே கையளவு காரையும் பிரிந்தது. வண்டியை வெளியே எடுத்து வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, பிக்கப்காரர் மரத்தில் சாய்ந்தே உட்கார்ந்துவிட்டார்.

"பரவாயில்ல விடுங்க" என்று மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரல் இறங்கியிருந்தது. "திங்கக்கிழமை நமக்கு நின்னா போதும்."

"நிக்கும். அந்தம்மா சொன்னதுல ஒண்ணுகூட விடல. பெரிசு, அகலம், கெட்டி, கோடு. நாலும் இருக்கு."

திங்கட்கிழமை காலை மலையடிவாரத்தில் கியரைக் குறைத்தார். இந்த மலையில் அவர் எப்போதும் இரண்டாவது கியரில் ஏறுவார். முதல் வளைவிலேயே எஞ்சின் இருமியது. இரண்டாவது வளைவில் செத்தது.

சறுக்கவில்லை, வழுக்கவில்லை, டயர் பாறையைப் பல்லால் கவ்விக்கொண்டுதான் இருந்தது. ஏறத்தான் தெம்பில்லை. சைக்கிளில் சின்னச் சக்கரம் போட்டால் மேடு ஏறுவது சுலபம். பெரிய சக்கரம் போட்டால் ஒரே மிதியில் ரொம்ப தூரம் போகும், ஆனால் அந்த ஒரு மிதிக்கே உயிர் போகும். எஞ்சின் அதே பழைய எஞ்சின். அதன் காலில் இவர் பெரிய பூட்ஸை மாட்டி, நாலு பக்கமும் கனத்தைக் கட்டிவிட்டு, 'ஓடு' என்றால் எப்படி ஓடும்?

முதல் கியரில் நடந்தார். நடந்தார் என்பதுதான் சரி. கைத்தடியோடு காலை நடை போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவர் வண்டியைத் தாண்டிப் போனார். போகிறபோது ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "என்னப்பா, உடம்பு சரியில்லையா?" என்று வண்டியைப் பார்த்துக் கேட்டார்.

பின்னால் ஹாரன். கண்ணாடியில் பச்சை ஜீப். ஜீப்காரர் தலையை வெளியே நீட்டினார்.

"கயிறு இருக்கு சார்! கட்டி இழுக்கட்டுமா?"

"வேணாம்!"

"மேடத்துக்கு ஒம்பது மணிக்குள்ள தண்ணி வேணுமாம்! மணி எட்டே முக்கால்!"

பிக்கப்காரர் பல்லைக் கடித்தார். ஆறு வருடங்கள் கண்ணுக்கு முன்னால் வந்துபோயின. முட்டி வலி, சுண்ணாம்பு, அபராதச் சீட்டு, தையல் ஸ்டூலில் இருபத்தைந்து தடவை ஏறி இறங்கியது எல்லாம் வந்தன. "ராசா, இன்னும் மூணு வளைவுதான்டா" என்று ஸ்டீயரிங்கைத் தடவிக் கெஞ்சினார். வெப்பமானி முள் சிவப்புக் கோட்டை முத்தமிடப் போகும் நேரத்தில் நிலையத்தின் இரும்புக் கேட் தெரிந்தது. மணி ஒன்பதுக்கு இரண்டு நிமிடம்.

ஜீப் பின்னாலேயே வந்து நின்றது.

கேட்டைத் திறந்த வாட்ச்மேன் இரண்டடி பின்னால் போய்விட்டார். "அண்ணே! என்னண்ணே இது? நம்ம வண்டிதானா, இல்ல நம்ம வண்டிய முழுங்கிட்டு வேற எதாவது வந்திருக்கா?"

வராந்தாவில் அதிகாரியம்மா தோன்றினார். கையில் அளவீட்டுக் காகிதம். வண்டியைப் பார்த்தவர் அப்படியே நின்றார். டயரைப் பார்த்தார். அண்ணாந்து கேபினைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். பார்வையில் இருந்தது திகைப்பு என்பது நிச்சயம். சந்தோஷத் திகைப்பு என்று பிக்கப்காரர் முடிவு செய்துகொண்டார்.

"வணக்கம் மேடம்! சொன்ன மாதிரியே மாத்திட்டேன்!" என்று கீழே குதித்தார். இந்தத் தடவை தரை எங்கே இருக்கிறது என்று தெரிந்தே குதித்தார்.

காற்று அடித்தது. அம்மாவுக்கு எது கேட்டது, எதன் வாலைக் காற்று தின்றது என்று தெரியவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு, ஒன்பது மணி அளவீட்டுக்கு நேரமாகிவிட்டதால் உள்ளே போய்விட்டார்.

பிக்கப்காரர் ஜீப்காரரைப் பார்த்துப் பெருமையாக ஒரு சிரிப்பு சிரித்தார். கேன்களை இறக்கினார். ஒவ்வொரு கேனும் இறங்க இறங்க வண்டி நிமிர்ந்தது. கூடவே அவர் நெஞ்சும் நிமிர்ந்தது. எல்லாம் முடிந்ததும் சட்டைப் பையிலிருந்து பொடி நோட்டை எடுத்து வாட்ச்மேனிடம் கொடுத்தார். "கையெழுத்து வாங்கிட்டு வந்துடுங்க. மேடம் இன்னிக்கு நல்ல மூடுல இருப்பாங்க."

வாட்ச்மேன் உள்ளே போனார். போன வேகத்திலேயே திரும்பி வந்தார். நோட்டில் கையெழுத்து இல்லை.

"போட மாட்டேங்கறாங்கண்ணே. 'போன்ல அவ்ளோ தூரம் சொன்னேன், மெசேஜும் போட்டாரு, இன்னும் மாத்தலியே'ன்னு ஒரே சத்தம்."

பிக்கப்காரர் டயரைத் தட்டிக் காட்டினார். "மாத்தலியா? கண்ணால பார்த்தாங்களே! பெரிசு! அகலம்! கெட்டி! கோடு பாருங்க, விரல விட்டா உள்ள போகுது! நாலு டயருக்கும், ரிம்முக்கும், வீட்டு உத்தரத்துக்கும் மேல இன்னும் எதைத்தான் நான் மாத்தணும்?"

வாட்ச்மேன் ராட்சச டயரைப் பார்த்தார். கையிலிருந்த, ஓரம் கிழிந்த, வழவழத்த பொடி நோட்டைப் பார்த்தார். மறுபடி டயரைப் பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல மெல்ல ஓர் அதிர்ச்சி பரவியது.

"ஐயோ அண்ணே... அம்மா மாத்தச் சொன்னது டயரு இல்லண்ணே, இந்த டயரி!"